களத்துமேட்டுச் சிரிப்பும் பொலிஸ் முறைப்பாடும்

ஓர் இனத்தையோ அதன் வழிபாட்டையோ வைத்துச் செய்யப்படும் நகைச்சுவை எந்தக் கட்டத்தில் புண்படுத்தலாக மாறுகிறது என்னும் கேள்விக்குப் பகிடியின் சொற்களுக்குள் மட்டும் விடை தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்துபோகின்றனர். ஏனெனில் ஒரே பகிடி, ஒரு சொல்லும் மாறாமல், ஒரு காலத்தில் ஊர் கூடிச் சிரிப்பதாகவும் பிறிதொரு காலத்தில் அயலவரை அவமதிப்பதாகவும் இருக்கக்கூடும். மாறுவது பகிடியைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களின் நிலைமை. மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் பகுதியில் இதைத் தெளிவாகக் காணலாம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் பாதை, தேயிலைத் தோட்டங்களையும் தமிழ்த் தொழிலாளரின் லயன்களையும் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் பனிமூட்டத்துக்குள் ரிவர்ஸ்டனைத் தொட்டு, மறுபுறம் இலுக்கும்புறை, லக்கலை ஆகிய பழைய சிங்களக் கிராமங்களை நோக்கி இறங்குகிறது. கீழேயுள்ள நகரங்களில் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கின்றனர்.

கண்டி, மாத்தளை மலைநாட்டின் சிங்களக் கிராமங்களில் அறுவடைக்குப் பின் சூடடித்து முடிந்த களத்தில் ஆடப்பட்டு வந்த நாட்டார் நாடகம் சொக்கரி எனப்படும். தமிழர் கண்ணகியாக வழிபடும் பத்தினித் தெய்வத்துக்குரிய சடங்கோடு சேர்ந்த இந்த நாடகத்தில் குருஹாமி என்னும் இந்தியன், மனைவி சொக்கரியோடும் ஒரு வேலைக்காரனோடும் கடல் கடந்து இலங்கைக்கு வந்து சேர்கிறான். பிள்ளையில்லாத அந்தத் தம்பதியரின் அலைச்சலும், குருஹாமியை நாய் கடிப்பதும், மருந்து வாங்கப் போன சொக்கரி உள்ளூர் வைத்தியரோடு ஓடிப்போவதும், கணவன் அவளைத் தேடிப் பிடிப்பதும் கதையின் போக்காகும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவர். உடல் அசைவும் கொச்சைப் பேச்சும் ஊரைச் சிரிக்கவைக்கும். இங்கே அந்நியன் கேலிக்கு ஆளாகிறான் என்பது உண்மை; ஆனால் பிறன்மனை கவரும் சிங்கள வைத்தியரும் அதே களத்தில் நகைப்புக்கு ஆளாகிறார் என்பதையும், நாடகம் முடிவடைவது பிள்ளைப்பேற்றில் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கேலி செய்வோர் தம்மையும் அந்தக் கேலிக்குள் நிறுத்திக்கொள்கின்றனர். சடங்கு அதற்கு இடமும் நேரமும் வரையறுத்துக் கொடுக்கிறது.

எனினும் அந்த வேலைக்காரனின் பெயர் பறையா என்பதைத் தமிழ் வாசகர் எளிதில் கடந்துபோக முடியாது. நாடகம் உருவான நாட்களில் இந்தியன் என்பவன் எப்போதாவது வந்துபோகும் செட்டியாகவோ யாத்திரிகனாகவோ இருந்திருப்பான். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது: தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காடுகளின் ஊடாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்த தொழிலாளர்கள், வழியில் நோயாலும் பட்டினியாலும் பலரை இழந்து, இந்தச் சரிவுகளில் குடியேறினர். அவர்களுள் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பிக்குப் பதில் தேயிலை வந்தது. கதையில் வந்த வெளியூர்க்காரன் அடுத்த மலையின் லயனில் வாழும் மனிதனாகிவிட்டான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடும், அதன் தொடர்ச்சியாக வாக்கும் இழந்து நின்ற அந்த மனிதனின் காதில் களத்துமேட்டுப் பெயர் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாடக ஆய்வுகள் அதிகம் கேட்கவில்லை.

இனங்களை வைத்தே நகைச்சுவை செய்து, எவரையும் பகைக்காமல் வெற்றி கண்ட முயற்சியும் இதே நாட்டில் உண்டு. 1970களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒலிபரப்பான ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடர், நான்கு பேச்சு வழக்குகளின் மோதலையே அடித்தளமாகக் கொண்டது. எஸ். ராம்தாஸ் மரிக்கார் என்னும் முஸ்லிமாகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி என்னும் யாழ்ப்பாணத்தவராகவும், எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலியாகவும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். 1976இல் இது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வந்தது. இந்து மதத்தவர் மரிக்காராகவும் முஸ்லிம் ஐயராகவும் குரல் கொடுத்த அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது: ஒவ்வொரு நடிகரும் மற்றவருடைய பேச்சைக் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, கேலிக்கு இலக்கானவரின் சமூகம் வானொலியின் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தது, நால்வருள் எவர் தடுக்கி விழுவார், எவர் வாய்மூடி நிற்பார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாக இருக்கவில்லை. ராம்தாஸும் செல்வசேகரனும் ‘மரிக்கார்’, ‘உபாலி’ என்னும் பாத்திரப் பெயர்களைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டே கடைசிவரை அறியப்பட்டனர் என்பது, அந்தப் பாத்திரங்களை மக்கள் வெறுப்புக்குரியவையாகக் கருதவில்லை என்பதற்குப் போதிய சான்று.

இதே தமிழ்ச் சமூகம் அதற்கு எதிரான காரியத்தையும் செய்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. முஸ்லிம்களைத் ‘தொப்பி பிரட்டி’ என்றும் மலையகத்தவரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றும் அழைத்துச் சிரித்த வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் சாதாரணமாக நிலவியது. முதலாவது பகிடி, தொழுகைக்கு அணியும் தொப்பியையே துரோகத்தின் அடையாளமாக்கிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வீடுவாசலை விட்டு வெளியேற்றியபோது, பகிடியாகப் புழங்கிய அந்தச் சந்தேகம் ஆயுதம் தாங்கியவர்களின் முடிவாகவே வந்து நின்றது. பகிடிதான் வெளியேற்றத்துக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆனால் வெளியேற்றத்தைப் பார்த்து அயலவர் அதிர்ச்சி அடையாமலிருக்க அது உதவியிருக்கும்.

ரிவர்ஸ்டன் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இதன் இன்னொரு வடிவம் அரங்கேறியது. மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் 2012 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை, பிக்குகள் தலைமையில் வந்த கூட்டம் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. புனித பூமிக்குள் அது சட்டவிரோதமாக நிற்கிறது என்பது அவர்களின் வாதம். அடுத்த ஆண்டு ஹலால் எதிர்ப்புப் பரப்புரை சூடுபிடித்தபோது, நாட்டின் வேறோர் இடத்தில் பன்றி உருவத்தில் ‘அல்லாஹ்’ என்று எழுதி ஊர்வலம் கொண்டுசென்றனர். அதைச் சுமந்து போனவர்கள் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் அங்கே கேலிக்கு ஆளானவன் களத்தின் ஓரத்தில் நின்று பதில் சொல்லக்கூடிய நிலையில் இல்லை, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளம்பிய வதந்தி, பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் தாக்குதலாக முடிந்தது. கிடைத்த பொருள் வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் பரிசோதனையில் தெரிந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. ஆயினும் ‘மலட்டுக் கொத்து’ என்னும் கிண்டல், கொத்துரொட்டிக் கடையைக் கண்டதும் சொல்லிச் சிரிக்கும் ஒன்றாகக் கைபேசிகளில் உலாவியது. வதந்தியை நம்பாதவரும் அதைப் பகிடியாகப் பகிர முடிந்தது என்பதே அதன் ஆபத்து. சில நாட்களில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் தென்புறத்திலுள்ள திகனையிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. அந்நாட்களில் தனது தளம் பயன்படுத்தப்பட்ட விதத்துக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

இத்தகைய நிலைமைக்கென்று சட்டம் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம், பிணையை மேல் நீதிமன்றமே வழங்கலாம். சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய இந்த ஆயுதம் திரும்பிய திசை விசித்திரமானது. 2019 மே மாதம், ரிவர்ஸ்டனுக்குத் தென்கிழக்கே மலையடிவாரத்திலுள்ள ஹசலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். அவரது ஆடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸார் எடுத்துக்கொண்டனர். அங்கே பகிடி செய்தவரே எவருமில்லை.

2023 ஏப்ரல் முதலாம் திகதி கொழும்பில் நடாஷா எதிரிசூரிய நிகழ்த்திய சிங்கள மேடை நகைச்சுவையில், சித்தார்த்த இளவரசரின் குழந்தைப்பருவம் பற்றிய சில வரிகள் இடம்பெற்றன. காணொளி பரவி எதிர்ப்பு எழுந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் மே இறுதியில் இதே சட்டத்தின் கீழ் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாகி, ஜூலை 5ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை விளக்கமறியலில் இருந்தார். பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், தாம் வளர்ந்த சூழலின் பெருமிதத்தைத் தம்மவர் முன்னிலையில் எள்ளிய செயல் அது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் மண்டபத்தில் சிரித்தார்கள், மண்டபத்துக்கு வராதவர்கள் கைபேசியில் பார்த்துக் கொதித்தார்கள். பௌத்தர் பலர் உண்மையிலேயே மனம் நொந்திருப்பர், அந்த நோவு பொய்யன்று. ஆனால் அந்த வரிகளைக் கேட்டு எந்தப் பௌத்தரின் கடையும் எரியவில்லை, எவரும் ஊரைவிட்டுத் துரத்தப்படவுமில்லை.

இதற்கு மாறாக, இஸ்லாத்தை இழிவுபடுத்தி 2016இல் பேசிய பொதுபல சேனா என்னும் கடும்போக்குப் பௌத்த அமைப்பின் ஞானசார தேரருக்குக் கொழும்பு நீதவான் நீதிமன்றம் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது 2025 ஜனவரியிலாகும். மறுபுறம், கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராசிக், வெறுப்புப் பேச்சை எழுத்தால் எதிர்கொள்ளவேண்டும் என்று எழுதிய பதிவுக்காக 2020இல் ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அவருக்குப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்குமாறு உத்தரவிட்டது. ஒரு பேச்சு எவரையாவது தாக்கத் தூண்டியதா என்று ஆராய்வதைக் கைதுக்குப் பின் நீதிமன்றத்திடம் விட்டுவிடும் வழக்கம் நீடிக்கும்வரை, முறைப்பாட்டோடு பொலிஸ் நிலையத்துக்கு முதலில் கூட்டம் கூட்டிச் செல்லக்கூடியவர்களின் மனவருத்தமே சட்டத்தின் அளவுகோலாக இருக்கும். இரத்தோட்டை லயனில் தம் சாதிப்பெயரைப் பகிடியாகக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த நிலையத்தில் முறைப்பாட்டை எழுதவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம்.