மழைக்காலத்தில் குதிரைகளுக்கு வரும் இருமல்: காரணமும் பரிகாரமும்

விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் போய்விட்டது. எனினும் குதிரை வளர்ப்போர் அற்றுப்போய்விடவில்லை. கலியாண ஊர்வலத்திற்கும், கோயில் உற்சவத்திற்கும், கடற்கரைச் சவாரிக்கும் ஒன்றிரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு ஜீவனம் செய்வோர் இன்றும் உண்டு. இவர்களுக்கு வருமானம் தரும் முகூர்த்த காலம் தை பிறந்தபின் தொடங்குகிறது. குதிரை இருமுவதோ பெரும்பாலும் அதற்கு முந்திய மழை மாதங்களில். மார்கழியில் கலியாணம் இல்லாமையால் குதிரை நாள் முழுதும் கொட்டிலிலேயே நிற்கிறது. அங்கே இருமி இளைத்த குதிரை, தை மாதத்தில் ஊர்வலம் பாதித் தெரு போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். மருந்துக்குச் செலவழித்த பணமும் போய், ஒப்புக்கொண்ட வேலையும் கைவிட்டுப் போகும். ஆயினும் இவ்விருமலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதற்கான வழிகளை இங்கே கூறுவோம்.

நோயின் காரணம்

நம் ஜில்லாவில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்கிறது. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ‘பெஞ்சல்’ புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மழையில் சரியாக வேயப்படாத வைக்கோற்போர் உள்ளே நனைந்துவிடும். நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் தங்கிய வைக்கோல் போரினுள்ளே தானே சூடேறும். அச்சூட்டில் பலவகைப் பூஞ்சணங்களும், பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்களும் பெருகும். மேலே காய்ந்து நன்றாகத் தோன்றும் வைக்கோலும் உள்ளே கருத்தும் வெளுத்தும் இருப்பதை யாவரும் கண்டிருப்பர். அதை உதறினால் எழும் புகை போன்ற தூசியில் பூஞ்சண வித்துக்கள் எண்ணற்றவை.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் ஐந்து கூறு அளவே இவ்வித்துக்கள் பலவற்றின் பருமன். ஆகையால் இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் அடிவரையில் செல்லும். குதிரை வாயால் சுவாசிக்க இயலாத பிராணி. மூக்கு ஒன்றே அதற்கு வழி. அது மூக்கை வைக்கோலில் புதைத்துக்கொண்டே பல மணி நேரம் தின்கிறது. அப்போது தூசியெல்லாம் நேரே உள்ளே போகிறது.

சில குதிரைகளின் நுரையீரல் இத்தூசியை ஏற்காமல் எதிர்க்கத் தொடங்கும். மூச்சுக் குழாய்களைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். உட்புறச் சவ்வு வீங்கும். கெட்டியான சளி சுரக்கும். மனிதருக்கு வரும் ஆஸ்துமாவை இது பெரிதும் ஒத்திருத்தலால், 2016-ஆம் வருஷத்திற்குப்பின் இதைக் ‘குதிரை ஆஸ்துமா’ என்றே கால்நடை வைத்தியர்கள் பெரிதும் வழங்குகின்றனர். இதன் கடுமையான வகை பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் காணப்படும். இலேசான வகை இளங்குதிரைக்கும் வரும்.

குறிகள்

முதலில் தீவனம் தின்னும்போதும், வேலை தொடங்கும்போதும் இரண்டொரு இருமல் உண்டாகும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. கவனிக்காமல் விட்டால் சும்மா நிற்கும்போதே மூக்குத் துவாரம் விரியும். மூச்சை வெளிவிடுவதற்கு வயிற்றை இறுக்கிக்கொள்ளும். இவ்வாறு நெடுநாள் உழைப்பதனால் விலாவின் அடியோரமாக ஒரு பள்ளக் கோடு விழும். அந்நிலையில் மூச்சுக் குழாய்களில் நிலையான கேடு ஏற்பட்டிருக்கும்.

ஓய்வாக நிற்கும் குதிரையின் விலாவைப் பார்த்து, ஒரு நிமிஷத்திற்கு எத்தனை மூச்சு என்று எண்ணுக. 8 முதல் 16 வரையில் இருப்பது சுகநிலை. உடல் உஷ்ணம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரையில் இருக்கவேண்டும். தூசி இருமலில் காய்ச்சல் இராது. தீனியும் பெரும்பாலும் குறையாது. இது முக்கியமான அடையாளம்.

காய்ச்சலோடு இருமல் வந்தால் அது வேறு வியாதி. தாடையின் கீழ் வீங்கிக் கட்டி பழுத்தால் தொண்டைக் கட்டு நோயாகலாம். பல குதிரைகள் ஒரே சமயத்தில் காய்ச்சலுடன் இருமினால், 1987-லும் 2008-லும் இந்தியாவில் பரவிய குதிரை இன்புளூயன்ஸா போன்ற தொற்றுநோயைச் சந்தேகிக்கவேண்டும். மூக்கில் புண்ணும் சீழும், தோலில் கட்டிகளும் தோன்றினால் ‘கிளாண்டர்ஸ்’ என்னும் கொடிய நோயாக இருக்கலாம். அது மனிதரையும் பற்றும். 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அதைச் சர்க்காருக்குத் தெரிவித்தல் கடமை. இம்மூன்றிலும் குதிரையை உடனே பிரித்துக் கட்டி, வைத்தியரை வரவழைக்க வேண்டும்.

தடுக்கும் முறைகள்

1. வைக்கோற்போரைக் கல் அல்லது பனங்கட்டை பரப்பிய மேட்டின்மேல் போட்டு, உச்சி கூராக வேய்க. ஈரம் உலராத வைக்கோலைத் தார்ப்பாயால் இறுக மூடினால் பூஞ்சணம் விரைவில் பற்றும். நனைந்த பாகத்தைத் தனியே பிரித்து எருக்குழியில் இடுக. போர், கொட்டிலை ஒட்டி இராமல் எட்ட இருக்கவேண்டும்.

2. நல்ல வைக்கோலிலும் சிறிது தூசி உண்டு. ஆகவே ஒரு வேளைக்கு வேண்டியதைத் தொட்டியில் 10 முதல் 30 நிமிஷம் நீரில் முழுக வைத்து, வடித்து, உடனே கொடுக்கவும். நம் ஊர் வெயிலில் நனைந்த தீவனம் விரைவில் புளித்துப்போகும், மீந்ததை அகற்றிவிடுக. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை நனைப்பதனால் அது நல்லதாகிவிடாது.

3. கூடியவரையில் பசுந்தீவனமே கொடுக்கவும். அறுகம்புல் மிகச் சிறந்தது. குதிரை மசால், பெயருக்கேற்பக் குதிரைக்கு உகந்த பயிர். நேப்பியர் புல்லை மாத்திரம் நெடுநாள் கொடுத்தால், அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிட, எலும்பு கெடும்.

4. திண்டிவனம், டி.எம்.வி. என்னும் வேர்க்கடலை வகைகளால் பெயர்பெற்ற ஊர். இங்கே கடலைக்கொடிக்குக் குறைவில்லை. ஆனால் மழையில் பறித்து ஈரத்தோடு குவித்த கொடியைக் குதிரைக்குப் போடலாகாது. பூஞ்சணம் பற்றிய கடலையிலும் பிண்ணாக்கிலும் ‘அப்ளடாக்ஸின்’ என்ற விஷம் உண்டாகலாம். 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததற்குக் காரணம், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்த இவ்விஷமே.

5. தீவனத்தைத் தலைக்குமேல் கட்டாமல், தரையில் தொட்டியிலோ விரிப்பிலோ வைக்கவும். குதிரை தலை தாழ்த்தித் தின்றால் சளி தானே வடியும். தலையை உயர்த்தி நெடுநேரம் கட்டிவைத்தால் சளி உள்ளே தேங்கும்.

6. பனிக்கு அஞ்சிக் கொட்டிலைச் சாக்குப் படுதாவால் நாற்புறமும் அடைப்பது தவறு. அதனால் தூசியும், மூத்திரத்திலிருந்து எழும் நவச்சார நெடியும் உள்ளேயே நிற்கும். மேலே கூரை, பக்கங்களில் காற்றோட்டம் என்பதே விதி. கொசுவை ஓட்டப் புகை மூட்டம் போடுவதை இருமும் குதிரையின் அருகில் அடியோடு நிறுத்தவேண்டும், கொசுவலை கட்டுக. குதிரையை வெளியே கட்டிய பிறகே கொட்டிலைப் பெருக்குக. பக்கத்துக் கொட்டிலின் தூசியும் தீங்கு செய்யுமாகையால் அதையும் கவனித்தல் அவசியம்.

மருந்து

இருமும் குதிரைக்கு மூங்கிற் குழாயால் எண்ணெயும் கஷாயமும் புகட்டும் வழக்கம் அபாயமானது. புகட்டியது மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரல் அழுகிக் குதிரை மாளக்கூடும். கிருமியைக் கொல்லும் ஊசிகள் தூசி இருமலுக்குப் பயன்படா. மூச்சுத் திணறும் குதிரைக்கு வைத்தியர் ஸ்டிராய்டும், மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தும் கொடுப்பார். ஸ்டிராய்டை வைத்தியரின்றித் தாமே வாங்கிக் கொடுத்தால் குளம்பினுள் வீக்கம் கண்டு குதிரை நிரந்தரமாய் நொண்டியாகலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலேனும், 1962 என்ற தொலைபேசி எண்ணிலேனும் உதவி கோரலாம்.

தூசியை விலக்கிய குதிரை சில நாள் முதல் சில வாரங்களுக்குள் தேறும். அதுவரையில் அதை ஓட்டக்கூடாது. ஆனால் நுரையீரலின் எதிர்ப்புத் தன்மை ஆயுள் முழுதும் நீங்குவதில்லை. ஒருநாள் கெட்ட வைக்கோல் போட்டாலும் இருமல் திரும்பும். எவ்வளவு மருந்து கொடுத்தாலும், கொட்டிலில் தூசி உள்ளவரையில் குணம் நிலைக்காது.

ஆகவே குதிரை வைத்திருப்போர் புரட்டாசி மாதத்திலேயே போரை வேய்ந்து, கொட்டிலைத் திறந்து, பசும்புல்லுக்கு ஏற்பாடு செய்துகொள்வார்களாக. இதற்கு ஆகும் செலவு சில கட்டுக் கீற்றும் ஒரு நாள் கூலியுமே. அதைச் செய்தவருடைய குதிரை தை மாதத்தில் மூச்சு வாங்காமல் வேலைக்குப் புறப்படும்.