ஐரிஷ் நாடக இயக்கமும் அடையாற்றுப் பத்திரிகைகளும்

ஆங்கில இலக்கிய வரலாற்றைப் பயிலும் மாணவர் பலர் அதனைப் புலவர் பெயர்களின் வரிசையாகவே மனத்திற் கொள்கின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் பிறந்தார், இன்ன நூல் இயற்றினார், இன்ன இயக்கத்தைச் சார்ந்தார் என்னும் குறிப்புக்கள் தேர்வு முடியுமளவும் நினைவில் நின்று, பின்னர் மறைந்தொழிகின்றன. ஓர் இயக்கம் எவ்வாறு தோன்றுகின்றது, எதனால் நிலைபெறுகின்றது என்னும் வினா நம்முள் எழுவது அரிது. அவ்வினாவிற்கு விடை தரும் வரலாறு ஒன்று, கிண்டிக்குக் கிழக்கே சிறு தொலைவிலுள்ள அடையாற்றோடு தொடர்புடையது. அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

இலக்கிய இயக்கமாவது, ஒத்த கொள்கையுடைய எழுத்தாளர் சிலர் ஒருங்கு கூடிச் செய்யும் முயற்சி. கொள்கை இருப்பின் போதாது, கேட்பாரும் வேண்டும். கேட்பாரைத் தேடித் தரும் கருவிகள் இரண்டு: பத்திரிகையும் நாடக மேடையும். 1709-இல் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்', 1711-இல் அடிஸனும் அவரும் கூடி நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' ஆகிய தாள்கள் இலண்டன் மாநகரின் காப்பிக் கடைகளிற் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. ஞாயிறு ஒழிந்த ஏனை நாட்களில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' 1712 டிசம்பருக்குள் 555 இதழ்களைக் கண்டது. பெருநூல்களை நாடாத வணிகரும் மாதரும் அதன் வாசகராயினர். அவர்க்கு விளங்குமாறு எழுத முயன்றமையால் ஆங்கில உரைநடையும் தெளிவும் எளிமையும் பெற்றது.

பத்திரிகையும் மேடையும் ஒருவர் கையிலேயே சேர்ந்து தொழிற்பட்ட இடம் அயர்லாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மக்களுட் பெரும்பாலோர் தம் முன்னோர் மொழியை இழந்து ஆங்கிலமே பேசினர். இந்நிலையில், 1899-இல் யேட்ஸ் என்னும் கவிஞரும் கிரகரி சீமாட்டியாரும் எட்வர்டு மார்ட்டினும் ஐரிஷ் இலக்கிய நாடக அரங்கினைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே 'பெல்டேன்' என்னும் தாளையும், 1901 முதல் 'ஸாவின்' என்னும் தாளையும் யேட்ஸ் நடத்தினார். 1904 டிசம்பர் 27-ஆம் நாள் டப்ளினில் அபே அரங்கு திறக்கப்பட்டது. மேடையில் ஆடியதன் நோக்கத்தைத் தாள் விளக்கிற்று. தாள் எழுப்பிய ஆவலை மேடை நிறைவு செய்தது. நாடகங்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமேயாயினும், கதையும் மாந்தரும் பேச்சின் ஓசையும் அயர்லாந்தினுடையவை. 1907-இல் ஸிங் என்பாரின் நாடகமொன்றைக் கண்டோர் சினந்து அரங்கினுள்ளேயே கலகம் விளைத்தனர். நாடகத்தைத் தமக்கு உரியதென அவர் கருதியதாலன்றோ அத்துணைச் சினம் மூண்டது!

இவ்வியக்கத்தில் இளமையிலேயே ஈடுபட்டவர், 1873-இல் பெல்பாஸ்டிற் பிறந்த ஜேம்ஸ் கஸின்ஸ். மீனவர் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட அவருடைய நாடகமொன்று 1902-இல் டப்ளினில் நடிக்கப்பெற்றது. யேட்ஸ் அவருடைய நாடகங்களை விரும்பினாரல்லர். அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பையேற்று, கஸின்ஸ் தம் மனைவியார் மார்கரெட்டுடன் 1915-இல் இந்தியாவிற்கு வந்து, அம்மையார் சென்னையில் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் இலக்கியப் பகுதியைக் கவனிக்கும் துணையாசிரியராயினார். டப்ளினில் மேடையேறியவர் சென்னையிற் பத்திரிகையாளரானது இவ்வாறு.

அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1916-இல் டப்ளினில் நிகழ்ந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டிக் கஸின்ஸ் கட்டுரை வரைந்தார். அதன்பின் அவர் 'நியூ இந்தியா'விலிருந்து விலக நேர்ந்தது. 1910-ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி அவ்விதழிடம் அரசாங்கம் பிணைப்பணம் கேட்டதும் அவ்வாண்டிலேதான். பத்திரிகைத் தொழில் அக்காலத்தில் எத்துணை இடர் மிக்கது என்பதற்கு இவை சான்றாகும். கஸின்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். 1919-இல் அங்கு வந்து தங்கிய இரவீந்திரநாத தாகூர், பின்னாளில் நாட்டுப் பண்ணாகிய தம் பாடலை அங்கேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை 1913-இலேயே ஆங்கிலத்தில் மேடையேற்றியது அபே அரங்கு என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

கஸின்ஸ் ஆங்கில இலக்கியத்தின் புதுநெறிகளைப் பற்றி எழுதிய நூலொன்று 1917-இற் சென்னையில் வெளியாயிற்று. அதனைப் புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'ஆரிய' இதழில் மதிப்பிடத் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர், மதிப்புரை அளவில் நில்லாது, 1917 டிசம்பர் முதல் 1920 ஜூலை வரை வருங்காலக் கவிதையைப் பற்றித் தொடர்கட்டுரை எழுதினார். அதே 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கஸின்ஸ் அதன் முதல்வருள் ஒருவர். அச்சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' என்னும் இதழ் 1918 முதல் வெளிவந்தது. ஆகவே அயர்லாந்திலிருந்து வந்த பொறி இந்நாட்டிற் பற்றியது பத்திரிகையின் வழியாகவேயாம்.

எனினும் இதில் ஒரு குறையும் உண்டு. 'நியூ இந்தியா'வும் 'ஆரிய'வும் ஆங்கில இதழ்கள். ஆங்கிலம் கற்றோர் வட்டத்திற்கு வெளியே அவை செல்லவில்லை. ஐரிஷ் மக்கள் ஆங்கிலத்தில் நாடகம் எழுதியது, அதுவே பெரும்பாலோர் வீட்டுமொழி ஆகிவிட்டமையால். நமக்கோ தாய்மொழி அழியாதிருக்கின்றது.

இவ்வுண்மையை, கஸின்ஸ் வருவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன்னரே சென்னைக் கிறித்தவக் கல்லூரியாசிரியர் இருவர் உணர்ந்திருந்தனர். ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும், தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் 1897-இல் 'ஞானபோதினி' என்னும் தமிழ்த் திங்களிதழைத் தொடங்கினர். சாஸ்திரியார் 'ரூபாவதி', 'கலாவதி' முதலிய நாடகங்களை இயற்றியதோடு, வடமொழி மரபையும் ஆங்கில மரபையும் ஒப்புநோக்கி 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலும் செய்தார். யேட்ஸ் டப்ளினில் நாடகமும் தாளும் ஒருங்கே தொடங்குவதற்கு ஈராண்டு முன்னரே, ஒரு மிஷன் கல்லூரியில் தமிழில் அவ்விரண்டும் முளைத்திருந்தன. சாஸ்திரியார் 1903-இல் தமது 33-ஆம் வயதிலேயே காலமானது தமிழ்செய்த தவக்குறை என்றே சொல்லவேண்டும்.

ஆதலின் இவ்வரலாற்றால் நாம் அறியற்பாலது ஒன்று. கல்லூரி விழாவில் நாடகம் ஆடுகின்றோம். கைதட்டல் ஓய்ந்ததும் அது மறக்கப்படுகின்றது. ஆண்டு மலரிற் கட்டுரை வரைகின்றோம். அதற்கும் மேடைக்கும் உறவில்லை. நாமே எழுதிய நாடகத்தை ஆடுதலும், ஆடியதன் குணங்குற்றங்களை இத்தமிழ்ப் பகுதியிலேயே அஞ்சாது ஆராய்தலும் இயைந்து நடைபெறுமாயின், ஆங்கில இலக்கிய வரலாறு நமக்குத் தேர்வுப் பாடமாக மட்டும் நின்றுவிடாது. அத்தகைய முயற்சிக்குச் சிலரே போதும். டப்ளினில் தொடங்கியோரும் சிலரே. 'ஞானபோதினி'யைத் தொடங்கியோர் இருவரே.