பிள்ளை வேணும்னு செய்யலை: தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் "ஆட்டம்"



"நல்லா இருந்த பிள்ளை திடீர்னு மாறிப் போச்சு" என்று கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னால், செல்லம் கொடுத்துட்டீங்க என்பார் ஒருவர். செல்போன்தான் காரணம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாருங்க என்பார். தொண்டைப் புண் வந்துச்சா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் திடீர் மாற்றம் தெரிந்தால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினரின் மகள், நாலாம் வகுப்பு. ஊர் பேர் வேண்டாம். முதலில் சும்மா சும்மா அழுதாள். ஒன்றுமில்லாததுக்குச் சிரிப்பு, அடுத்த நிமிஷம் கோபம். கையை மறுபடி மறுபடி கழுவினாள். "அம்மா, நீ செத்துப் போயிட மாட்டேல்ல?" என்று ராத்திரியில் பத்துத் தரம் கேட்டாள். பிறகு எழுத்து கோணியது. சாப்பாட்டுத் தட்டு கையிலிருந்து விழுந்தது. முகம் தானாகக் கோணியதைப் பார்த்து, தன்னைப் பழித்துக் காட்டுகிறாள் என்று ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அப்பா அடித்தார். பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். இப்படியே ஆறு வாரம் போனது.

அந்தப் பெண்ணுக்கு வந்தது சிடன்ஹாம் கொரியா என்ற நோய். (கொரியா நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கிரேக்க மொழியில் நடனத்தைக் குறிக்கும் சொல் அது.) சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் 1686-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய நோய். பணக்கார நாடுகளில் இன்று அரிது. நெருக்கமான வீடுகளும், தொண்டை வலிக்கு டாக்டரிடம் போகாத பழக்கமும் உள்ள இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது.

எப்படி வருது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிறது. அதை விரட்ட உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்டுகிறது. திருடன் நீலச் சட்டை போட்டிருந்தான் என்று கேள்விப்பட்ட காவல்காரர், நீலச் சட்டை போட்ட வீட்டுப் பிள்ளையையும் போட்டு அடித்தால் எப்படியோ, அப்படித்தான் சில பிள்ளைகளுக்கு நடக்கிறது. கிருமியின் மேல் பாய வேண்டிய சக்தி, சொந்த உடம்பின் மூட்டு, இதய வால்வு, மூளை ஆகியவற்றின் மேல் பாய்கிறது. இதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள். மூட்டு வீக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். மூளையில் வரும் கொரியா மெதுவானது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் கழித்துக்கூட வரும். அதனால்தான் தொண்டை வலி வந்ததே அம்மாவுக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனைகூட அதற்குள் சரியான அளவுக்குத் திரும்பியிருக்கலாம். "ரத்தத்துல ஒண்ணுமில்ல" என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதே போல வேறு எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. கூடுதலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கில் ஊசி போடுவதும் சரியில்லை. எப்போதோ கிருமி வந்து போனது என்றுதான் அந்த எண் சொல்கிறது.

வீட்டிலேயே சில விஷயங்களைக் கவனிக்கலாம். பிள்ளை தூங்கும்போது பாருங்கள். கொரியா என்றால் தூக்கத்தில் ஆட்டம் நின்றுவிடும். விழித்ததும் திரும்ப வரும். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வைத்திருக்க முடியாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் விரலை இறுகப் பிடிக்கச் சொன்னால், பால் கறக்கிற மாதிரி பிடி இறுகியும் தளர்ந்தும் வரும். ஆறு மாதத்துக்கு முந்தைய நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். நாம் அரை மணி நேரம் சொல்வதை அந்த இரண்டு பக்கம் டாக்டருக்குச் சொல்லிவிடும். வலிப்பில் வருவது போல நினைவு தப்புவது இதில் கிடையாது. நினைவு தப்பினால் அது வேறு விஷயம், உடனே போக வேண்டும்.

இதை நானே கண்டுபிடிச்சேன்னு யாரும் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். கை கால் ஆட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போவது நல்லது. அங்கே இதயத்துக்கு எக்கோ பார்க்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். ஏனென்றால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும், வால்வு கெடுவது தெரியாது. மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் பிள்ளை ஓடியாடும்போதே வால்வு பாதித்திருக்கலாம். பத்து வயதில் கவனிக்காமல் விட்டது, கல்யாணமாகி முதல் பிரசவத்தில் மூச்சுத் திணறலாக வெளிப்படுவது உண்டு.

இனி அம்மாக்கள் ரொம்பக் கேட்கும் கேள்வி: சரியாகுமா? ஆட்டம் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆட்டம் அதிகமாக இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. கோபம், அழுகை, பயம், திரும்பத் திரும்பக் கழுவுவது எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாலேயே வரலாம், ஆட்டம் நின்ற பிறகும் கொஞ்ச நாள் இருக்கலாம். அதுவும் நோயின் பகுதிதான். அடித்தால் குறையாது, கூடும். "சும்மா இரு, கையை ஆட்டாதே" என்று சொல்லச் சொல்ல ஆட்டம் அதிகமாவதை நீங்களே பார்க்கலாம். மன அமைதி கெட்டால் இந்த ஆட்டம் கூடும். கையைக் கட்டிப் போடுவதோ, அறையில் பூட்டுவதோ கொடுமை. கோயிலுக்குப் போகாதீங்கன்னு நான் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்படியே கோயிலுக்கும் போய் வாங்க.

அந்த மாதங்களில் வீட்டில் சின்னச் சின்ன மாற்றம் போதும். டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள், வட்டக் கிண்ணமும் கரண்டியும் கொடுங்கள். தரையில் பாய் போட்டுப் படுக்க வையுங்கள். அடுப்பு, கிணற்றடி, சைக்கிள் மூன்றும் கொஞ்ச நாள் வேண்டாம். விழுங்கச் சிரமப்பட்டால் குழைந்த சாதம் கொடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். தம்பி தங்கைகள் அக்கா மாதிரி ஆடிக் காட்டி விளையாடுவார்கள். அவர்களைத் திட்டுவதை விட, "அக்காவுக்குக் கை சொன்ன பேச்சைக் கேக்கலை, சரியாயிடும்" என்று ஒரு தடவை உட்கார வைத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பள்ளிக்கு டாக்டர் கடிதத்தோடு நேரில் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். எழுத முடியாத நாட்களில் வாயால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிள்ளையை வெளியே நிறுத்திய அந்த ஆசிரியரே, நோய் என்று தெரிந்த பிறகு தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் சில மாத வேலை. பெரிய வேலை பென்சிலின் ஊசி. ஆட்டம் நின்றாலும் ஊசி நிற்கக் கூடாது. இன்னொரு தொண்டைப் புண் வந்தால் நோய் திரும்ப வரலாம், ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடலாம். அதைத் தடுக்கத்தான் 21 நாளுக்கு ஒரு ஊசி. இதயம் நன்றாக இருந்தால் குறைந்தது 5 வருஷம் அல்லது 18 வயது வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வால்வு பாதித்திருந்தால் 10 வருஷம் அல்லது 25 வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும். வருஷத்துக்கு 17 ஊசி. ஒன்பது வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கு 18 வயது வரை 150-க்கு மேல். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். பாதியில் நிறுத்தும் தாய்மார்களை அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இங்கேதான் குழு உதவ முடியும். 21 நாள் என்றால் சரியாக மூன்று வாரம். நீங்கள் வாராவாரம் ஒரே கிழமையில் கூடுகிற குழு என்றால், ஒவ்வொரு மூன்றாவது கூட்டத்தன்றும் ஊசி நாள். தீர்மான நோட்டில் சந்தா, கடன் வரவுக்குப் பக்கத்தில் "ஊசி போட்டாச்சா" என்று ஒரு வரி எழுதினால் தேதி மறக்காது. மேலே சொன்ன குழுவில் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மாவுக்கு வேலை இருக்கும் வாரத்தில் வேறொரு உறுப்பினர் பிள்ளையை அழைத்துப் போகிறார். முதல் எக்கோவுக்குப் போய்வரக் குழு உள்கடன் கொடுத்தது.

இந்த ஊசி வலிக்கும், பொய் சொல்ல வேண்டாம். "வலிக்காது" என்று ஏமாற்றிக் கூட்டிப் போனால் அடுத்த தடவை பிள்ளை வராது. சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள், படுக்க வைத்து மெதுவாகப் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். முன்னே எப்போதாவது பென்சிலினால் அரிப்போ தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமைக்குப் பயந்து சில இடங்களில் போட மறுக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தால் பேச வசதி. ஊசி மருந்து கிடைக்காத சமயத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள், அதற்கு மாத்திரை உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதும் வால்வு பாதித்த பிள்ளைக்கு மருந்து மாதிரிதான்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு 2013 முதல் பார்க்கும் நோய்களில் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. அவர்கள் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வால்வு அறுவைச் சிகிச்சை வரை போனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை எடுக்காதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.

பாண்டாஸ் என்ற ஒரு பெயரையும் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இதே கிருமிக்குப் பிறகு, உடம்பு ஆட்டம் இப்படி இல்லாமல், ஒன்றிரண்டு நாளில் திடீரென்று அளவில்லாத பயமும், திரும்பத் திரும்பச் செய்வதும், முகத் துடிப்பும் வருவதை அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவும் அவர் குழுவினரும் 1998-ல் அப்படிப் பெயரிட்டு எழுதினார்கள். அதைப் பற்றி மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. பெயர் எதுவானாலும், பிள்ளை ஒரே வாரத்தில் ஆள் மாறிப் போனால் குழந்தைகள் டாக்டரையும் மனநல டாக்டரையும் பார்க்கணும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆயிரக்கணக்கில் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் மட்டும், எதுக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நோயே வராமல் தடுக்க முடியுமா என்றால் பெரும்பாலும் முடியும். காய்ச்சலோடு தொண்டை வலி, விழுங்க முடியவில்லை, கழுத்தில் நெறி கட்டியிருக்கு, ஆனால் சளி இருமல் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பென்சிலின் வகை மாத்திரை தந்தால் பெரும்பாலும் 10 நாளுக்குத் தருவார்கள். மூன்றாம் நாளே வலி போய்விடும். மீதி மாத்திரையை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காமல் முழுவதும் கொடுங்கள்.

கடைசியாக, வளர்ந்த பெண்களுக்கு ஒரு செய்தி. சின்ன வயதில் இந்த ஆட்டம் வந்தவர்களுக்குக் கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அது திரும்ப வரலாம். உங்கள் மகளின் பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமான பிறகு அவள் கையில் கொடுங்கள். கர்ப்பம் பதியும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை கேட்டுப் போனால், இந்த விஷயத்தைச் சொல்லி வேறு முறை என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.