‘டாக்டர், இந்தச் செய்தி நிஜமா?’ - ஓய்வுபெற்ற ஒரு மனநல மருத்துவரின் அனுபவங்கள்

வேலையில் இருந்தவரை நோயாளிகள் என்னைத் தேடி வந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு செய்திகள் தேடி வருகின்றன. காலையில் போனைத் திறந்தால், ‘டாக்டர், இது நிஜமா?’ என்ற கேள்வியோடு நாலைந்து ஃபார்வர்டு காத்திருக்கும். சம்பந்தி வீட்டிலிருந்து வரும், பழைய நண்பர்களிடமிருந்து வரும். சில நாள் பக்கத்து அறையிலிருந்து என் மனைவியே அனுப்பியிருப்பார்.

சர்க்கரை, மூட்டுவலி, கொழுப்பு எதுவும் என் துறை இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? ‘நீங்களும் எம்.பி.பி.எஸ் படிச்சவர்தானே?’ என்று மடக்கிவிடுவார்கள். அதனால் உட்கார்ந்து படிக்கிறேன். ஓ.பி-யில் கூட்டம் அலைமோதிய காலத்தில் ஒரு செய்தியை முழுதாகப் படிக்க நேரம் இருந்ததில்லை.

பச்சைப் பொய்யான செய்திகளைக் கண்டு எனக்கு அவ்வளவு பயமில்லை. வெங்காயத்தைப் பாதத்தில் கட்டிக்கொண்டு தூங்கினால் ரத்தம் சுத்தமாகும் என்று நம்புகிறவருக்கு நஷ்டம் ஒரு வெங்காயம்தான். நூற்றுக்கு நூறு சரியான செய்தி, தவறான ஆளிடம் போய்ச் சேரும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதை இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு ‘பைபோலார்’ எனப்படும் மனநிலைக் கோளாறு. சில மாதங்கள் அளவுக்கு மீறிய உற்சாகம், சில மாதங்கள் எழவே முடியாத சோர்வு என்று இளவயதில் படாதபாடு பட்டவர். லித்தியம் மாத்திரை ஆரம்பித்த பிறகு வாழ்க்கை சீரானது. வேலையில் நிலைத்தார், மகளைப் படிக்கவைத்தார்.

லித்தியத்தின் மகிமையை 1949-ல் உலகுக்குச் சொன்னவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். அது ஒரு சாதாரண உப்பு வகை. நாம் சாப்பிடும் உப்பில் இருக்கிற சோடியத்துக்குப் பங்காளி என்றே சொல்லலாம். சிக்கலும் அங்கேதான். உடம்பில் சோடியம் குறைந்தால், சிறுநீரகம் அதை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். குணப்படுத்தும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால்தான், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களை அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம்.

அவர் படித்த செய்தி, ‘உப்பைக் குறையுங்கள்’ என்பது. உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நல்ல அறிவுரைதான். லேசாக பி.பி-யும் இருந்ததால் மனிதர் ஒரேயடியாக உப்பை நிறுத்திவிட்டார். கஞ்சியில்கூட உப்பு இல்லை. சித்திரை வெயிலில் நடைப்பயிற்சி வேறு, வியர்வையில் இருந்த உப்பும் போனது. முழங்கால் வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். பல வலி மாத்திரைகளும் லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கும்.

இரண்டே வாரத்தில் கை நடுங்கியது. வாந்தி, பேதி. வீட்டில் ‘ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை’ என்றார்கள். பிறகு நடை தள்ளாடி, பேச்சு குழறியதும் பக்கவாதம் என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். கிளம்பும்போது மகள், அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் பணியில் இருந்த டாக்டர் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்கச் சொன்னார். எகிறியிருந்தது. சில நாள் சிகிச்சையில் பிழைத்து எழுந்தார். அந்தப் பெண்ணை நான் இன்றும் மெச்சிக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் லித்தியத்தை நிறுத்திவிட வேண்டாம். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கும் மிகச்சில மருந்துகளில் அதுவும் ஒன்று. உணவு முறையை மாற்றும் முன் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது என் துறையின் தீராத தலைவலி. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். பொறுமையாகச் சாப்பிட்டுத் தெளிந்து வரும் நேரத்தில், ‘இந்த மாத்திரைகள் மூளையை அழிக்கும்’ என்று ஒரு வீடியோ வரும். அன்றே நிறுத்துவார்கள். தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். ‘பார்த்தீங்களா, அடிமையாக்கிட்டாங்க!’ என்பார்கள். மெல்ல மெல்ல அளவைக் குறைத்து நிறுத்த வேண்டியதை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்காதா?

சதவிகிதக் கணக்கும் இப்படித்தான் மிரட்டும். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. சாப்பிடும் 100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று பலர் புரிந்துகொண்டார்கள். சாப்பிடாத 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், சாப்பிடுகிற 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு வரும். கணக்கு அவ்வளவுதான். அலட்சியம் செய்ய வேண்டாம், அதற்காகத் தூக்கத்தையும் தொலைக்க வேண்டாம்.

ஓய்வு என்பதே ஒரு மனநல விஷயம். ஆபீஸ் போகாத மனிதருக்குக் கிழமை மறப்பது சகஜம், எனக்கே மறக்கிறது. உறவினர் ஒருவர் ஓய்வுபெற்ற சில மாதங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் ‘தெரியலை’. ‘மறதி நோயின் பத்து அறிகுறிகள்’ என்று எதையோ படித்த மகன், அப்பாவுக்கு அல்சைமர்ஸ் என்று முடிவே கட்டிவிட்டான். விசாரித்தால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாட்டில் ருசி இல்லை, ‘எனக்கு எல்லாம் மறந்துபோகுது டாக்டர்’ என்று அவரே புலம்புகிறார். மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் மறதியை மறைக்கப் பார்ப்பார்கள். இவருக்கு இருந்தது மனச்சோர்வு. தைராய்டு, பி12 சத்து இரண்டும் பரிசோதிக்கப்பட்டன. முறையான சிகிச்சை எடுத்த சில மாதங்களில் பேப்பரைப் படித்துவிட்டு அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால், முதியவரின் மறதியெல்லாம் அல்சைமர்ஸ் இல்லை. எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 24 மணி நேரமும் இயங்கும் அரசு சேவை அது.

எங்கள் துறையில் ஓய்வு என்றாலே நினைவுக்கு வருபவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தை நிர்வகித்து 1978-ல் ஓய்வுபெற்றவர், 1984-ல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக அது இன்றும் இயங்குகிறது. அந்த உயரமெல்லாம் எனக்கு எட்டாது.

நான் வாரம் ஒருநாள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். மருந்து எழுதுவதில்லை. ஒவ்வொருவரின் மாத்திரை டப்பாவையும் மேஜையில் கொட்டச் சொல்லி, எது எதற்கு, யார் கொடுத்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பாட்டியின் டப்பாவில் ஒரே பி.பி மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டு டாக்டர்கள் எழுதியது. அவர் இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடனே மகனுக்குப் போன் போட்டு, இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோஸ் கலரு. வேற வேறன்னுல்ல நெனச்சேன்!” என்றார் பாட்டி.