நாய்க்குட்டிக்கு ஓர் இடைக்கால இல்லம்

இராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அங்குள்ள ஆயா அக்குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், தாலாட்டுகிறாள், வேலை முடிந்ததும் தாயின் கையிலே திரும்பக் கொடுத்துவிடுகிறாள். பிறர் குழந்தை என்பதற்காக அவள் பராமரிப்பில் குறைவைப்பதில்லை. கைவிடப்பட்ட நாய்க்குட்டியை, நிரந்தரமான வீடொன்று கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பதும் இத்தகைய பணியே.

பெட்டைக் குட்டிகளே பெரும்பாலும் தெருவில் விடப்படுகின்றன. அவற்றைக் காண்போர் இரங்குவர். ஒரு பிடி சோறும் இடுவர். ஆயினும் வீட்டுக்குக் கொண்டு செல்லத் தயங்குவர். நெருக்கமான லயத்திலே ஆயுள் முழுவதும் அதனை வைத்திருப்பது எவ்வாறு என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால், சில வாரங்கள் மட்டுமே என்று எல்லை வகுத்துக்கொண்டால், அப்பொறுப்பு பலருக்கும் இயலக்கூடியதாகிறது.

முதலில் வேண்டுவது வெப்பம். பிறந்து மூன்று நான்கு வாரங்கள் வரையில், தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குட்டிக்கு இல்லை. மலைநாட்டுக் குளிரில் சாக்கும் பழந்துணியும் விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை அருகில் வைத்தல் வேண்டும். குளிர்ந்து விறைத்த குட்டிக்கு உடனே பாலூட்டலாகாது. சூடேறிய பின்னரே ஊட்டுதல் வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்; ஆதலால் நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவே நல்லது. நான்கு வாரமானதும் குழைத்த சோற்றுடன் முள் நீக்கிய அவித்த மீனைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். தோட்டப் பகுதிகளில் சிறுத்தைப்புலி நடமாடுவதால், இரவில் அதனை வெளியே கட்டிவைத்தலாகாது.

அடுத்தது நோய்க் காப்பு. இரண்டாம் வாரம் முதற்கொண்டு குடற்புழு மருந்தும், ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியும் மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி தொடங்கப்பெறும். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி இன்றியமையாதது. அறிகுறிகள் தோன்றிய பின்னர் அந்நோயிலிருந்து பிழைத்தோர் மிக அரியர். குட்டிதானே என்று கடியையோ நகக்கீறலையோ அலட்சியம் செய்தலாகாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு அளித்த தடுப்பு மருந்தின் வழிவந்த பாதுகாப்பு இன்று நம் வைத்தியசாலைகளில் கிடைக்கிறது. இலங்கையில் தெருநாய்களைக் கொன்றொழிக்கும் முறை 2006ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடையுமே அதன்பின் வழியாயின. ஊசியிட்டு நல்ல வீட்டில் சேர்க்கப்படும் ஒவ்வொரு குட்டியும் ஊரின் குழந்தைகளுக்கும் காப்பாகிறது.

மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிலான காலத்திலேதான் குட்டி மனிதரோடு பழகக் கற்கிறது. குழந்தைகளின் குரல், பாத்திரங்களின் ஓசை, அந்நியரின் வருகை ஆகியவற்றை அச்சமின்றி அறிதல் வேண்டும். பிரித்தானியாவில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களை, பயிற்சிக்கு முன்னர் குடும்பங்களில் வளர்க்கும் திட்டம் 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. அக்குடும்பங்களும் ஏறக்குறைய ஓராண்டு வளர்த்துப் பின்னர் பிரிகின்றன.

கேட்டவர்க்கெல்லாம் குட்டியைக் கொடுத்துவிடலாகாது. தாயை இழக்காத குட்டியாயினும் எட்டு வாரத்துக்கு முன் பிரித்தல் நன்றன்று. வீட்டார் அனைவரும் விரும்புகின்றனரா, இரவில் எங்கே உறங்கவைப்பர், உரிய வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பரா என்று கேட்டறிதல் கடமையாகும். தடுப்பூசி அட்டையுடன் குட்டி படுத்த துணியொன்றையும் கொடுத்தனுப்பினால், பழகிய மணம் புதிய வீட்டில் அதற்கு ஆறுதலளிக்கும்.

பிரியும் நாளில் வீட்டுப் பிள்ளைகள் அழுவர். அவர்களைத் தடுக்கவேண்டுவதில்லை. சில நாட்களின் பின் அழைத்துச் சென்று, புதிய வாசலிலே அது விளையாடுவதைக் காட்டினாற் போதும். பழைய சாக்கைத் துவைத்து உலர்த்தி வைத்திருத்தல் நன்று. அடுத்த மழையிலே சந்தைப் பக்கத்தில் மற்றொரு குட்டி குரல் கொடுக்கக்கூடும்.