கரையும் பிள்ளையார், கரையாப் பிள்ளையார்

விநாயக சதுர்த்தியன்று களிமண்ணில் பிள்ளையார் பிடித்து, குன்றிமணியால் கண் வைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி வழிபடுவது நம் வழக்கம். பூசை முடிந்தபின் குளத்திலோ கிணற்றிலோ கரைத்து விடுகிறோம். ஆனால், எல்லாப் பிள்ளையாரும் கரைவாரா?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில், நன்கு காய்ந்த சிறு களிமண் உருண்டையைப் போடுங்கள். மற்றதில், கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டியைப் போடுங்கள். களிமண் குமிழிகள் விட்டு உதிர்ந்து, சிறிது நேரத்தில் சேறாகிவிடும். சாக்குக் கட்டியோ மறுநாளும் உருக்குலையாமல் கிடக்கும். நம் நாட்டுச் சாக்குக் கட்டி பெரும்பாலும் பாரிஸ் சாந்தால் ஆனது.

காரணம் என்ன?

களிமண் துகள்கள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவான அளவுடையவை. காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் நீர் புகும்போது, உள்ளே அடைபட்ட காற்று நெருக்கப்பட்டு மண்ணைப் பிளக்கிறது. துகள்கள் பிரிந்து அடியில் படிகின்றன. குளத்து மண் குளத்துக்கே திரும்புகிறது. ஆனால் சூளையில் சுட்ட மண் இவ்வாறு சேறாகாது.

பாரிஸ் சாந்தின் கதை வேறு. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், அதிலுள்ள படிக நீரில் முக்கால் பங்கு வெளியேறிப் பாரிஸ் சாந்து கிடைக்கிறது. இதில் நீர் சேர்த்ததும் மீண்டும் ஜிப்சமாகிறது. ஊசி போன்ற படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சமே கரையும். அப்படியானால் 5 கிலோ சிலை முழுதும் கரைய 2,000 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும்! கரைந்த கால்சியம் சல்பேட்டோ, கொதிக்க வைத்தாலும் நீங்காத நிரந்தரக் கடினத்தன்மையை நீருக்குத் தருகிறது.

இதைவிடக் கேடானவை சில வண்ணப்பூச்சுகள். அவற்றிலுள்ள காரீயம், குரோமியம் போன்ற உலோகங்கள் மட்கி அழிவதில்லை. வண்டலில் தங்கி, புழு பூச்சிகள் வழியாக மீனுக்கும், மீன் வழியாக நமக்கும் வந்து சேரக்கூடும். குவியலாகக் கொட்டப்படும் மாலைகளும் இலைகளும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறுகின்றன.

என்ன செய்யலாம்?

வண்ணம் பூசாத, சுடாத களிமண் பிள்ளையாரை வாங்குங்கள். அல்லது நீங்களே பிடியுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இத்தகைய மண் சிலைகளையே பரிந்துரைத்தன. மாலைகளை எடுத்து எருக்குழியில் இடுங்கள். சிலையை வீட்டு வாளியிலேயே கரைத்து, அந்தச் சேற்றைச் செடிக்கு ஊற்றுங்கள்.

பாரிஸ் சாந்துச் சிலை ஏற்கெனவே வீட்டில் இருந்தால்? புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் அதற்கும் வழி கண்டுள்ளது. அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் ஊற வைத்தால் சிலை சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கரைசலில் அம்மோனியம் சல்பேட் என்ற உரம் மிஞ்சுகிறது.

நாம் குளிப்பதும், கால்நடைகள் குடிப்பதும், மீன் பிடிப்பதும் அதே குளத்தில்தான். கரையும் பிள்ளையாரைக் கரைத்தால் பண்டிகையும் நிறைவுறும், குளமும் பிழைக்கும்.