வில்லியனூர், பாகூர் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளின் மக்கள்தொகையும் வருவாயும்

வில்லியனூர் (அஞ்சல் குறியீட்டு எண் 605110), பாகூர் (அஞ்சல் குறியீட்டு எண் 607402) ஆகியவை இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், புதுச்சேரி மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர்கள் ஆகும். இவை இரண்டும் ஒரே பெயருடைய கொம்யூன் பஞ்சாயத்துகளின் தலைமையிடங்கள். வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலும், பாகூர் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலும் உள்ளன. நகரத்தை ஒட்டி வளரும் இவ்விரு ஊரகப் பகுதிகளின் மக்கள்தொகை, தொழில், வருவாய் ஆகியவற்றையும், அவற்றை அளப்பதில் உள்ள சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அஞ்சல் குறியீடும் ஆட்சி எல்லைகளும்

இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகத்து 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வீட்டில் சேர்க்கும் அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. கடிதம் எந்த வழியில் விரைவாகச் செல்லும் என்பதே இப்பகுப்பின் அடிப்படை. மாநில எல்லை இதில் முதன்மையானது அன்று. இதனால் ஒரே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த புதுச்சேரி நகரம் 605001 எனவும், காரைக்கால் 609602 எனவும், கேரளத்தை ஒட்டிய மாகே 673310 எனவும், ஆந்திரத்தால் சூழப்பட்ட ஏனாம் 533464 எனவும் குறியீடு பெற்றுள்ளன. பாகூர் புதுச்சேரி மாவட்டத்தில் இருந்தாலும் அதன் எண் கடலூரைச் சேர்ந்த 607 என்னும் தொடரில் வருகிறது.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் அஞ்சல் குறியீட்டை ஒட்டிய பகுதிகளுக்கு மக்கள்தொகை, குடும்ப வருவாய் ஆகிய விவரங்கள் வெளியிடப்படுகின்றன. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டம், வட்டம், நகரம், வருவாய்க் கிராமம் என்ற அடுக்குகளிலேயே விவரங்களைத் தருகிறது. எனவே 605110 அல்லது 607402 பகுதியின் நிலையை அறிய விரும்புபவர், அவ்வெண்ணுக்குள் அடங்கும் கிராமங்களைப் பட்டியலிட்டு அவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரே கிராமம் அஞ்சல் துறைக்கு ஒரு பகுதியிலும், வருவாய்த் துறைக்கு ஒரு வட்டத்திலும், உள்ளாட்சிக்கு ஒரு கொம்யூனிலும், ஊரக வளர்ச்சிக்கு ஒரு வட்டாரத்திலும், தேர்தலுக்கு ஒரு தொகுதியிலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, பாகூர் கொம்யூன் வருவாய்க் கணக்கில் பாகூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஊரக வளர்ச்சிக் கணக்கில் அது அரியாங்குப்பம் வட்டாரத்துக்குள் வருகிறது. "பாகூரின் மக்கள்தொகை" என்று எங்கேனும் ஓர் எண் தரப்பட்டால், அது ஊரைக் குறிக்கிறதா, கொம்யூனைக் குறிக்கிறதா, வட்டத்தைக் குறிக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம்.

வரலாற்றுப் பின்னணி

பாகூரின் பழமைக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு சான்றாகும். 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாய் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. வேளாண் வருவாயே ஒரு கல்விச்சாலையை நடத்தப் போதுமானதாக இருந்த வளமான நிலம் இது என்பது இதனால் தெரிகிறது.

18 ஆம் நூற்றாண்டின் நடுவில், தூப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்தன. கோட்டையையும் துறைமுகத்தையும் கொண்ட நகரத்துக்கு நெல்லும் நிலவரியும் தரும் பின்னிலமாக இவை அமைந்தன. கிராமங்கள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியாகப் பெறப்பட்டதால், புதுச்சேரிப் பகுதியின் எல்லை இன்றும் தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

1880 ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை கொம்யூன் என்னும் உள்ளாட்சி அமைப்பை ஏற்படுத்தியது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் கைமாறிய பின்னும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படி இணைந்த பின்னும் இப்பெயர் நிலைத்தது. 1973 ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. புதுச்சேரி மாவட்டத்தில் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன.

மக்கள்தொகை

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953 ஆகும். இதில் புதுச்சேரி மாவட்டத்தில் மட்டும் 9,50,289 பேர் வாழ்ந்தனர். 2001 இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,332 ஆக இருந்தது. பத்து ஆண்டுகளில் 29 விழுக்காடு வளர்ச்சி ஏற்பட்டுள்ளது. இதே காலத்தில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6 விழுக்காடு மட்டுமே. அண்டை மாவட்டங்களிலிருந்து வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்காக வந்து குடியேறியோர் இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம்.

மாவட்ட மக்களில் சுமார் 2.44 லட்சம் பேர் புதுச்சேரி நகராட்சியிலும், சுமார் 3 லட்சம் பேர் உழவர்கரை நகராட்சியிலும் வாழ்ந்தனர். எஞ்சிய ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஐந்து கொம்யூன்களில் வாழ்ந்தனர். அதாவது மாவட்டத்தில் பத்துப் பேருக்கு நால்வர் நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தனர். ஒன்றியப் பகுதி முழுவதற்கும் எழுத்தறிவு 85.85 விழுக்காடு, பாலின விகிதம் 1,000 ஆண்களுக்கு 1,037 பெண்கள்.

பட்டியல் சாதி மக்களின் பங்கு ஊரகக் கொம்யூன்களில் நகரத்தைவிட மிகுதி. சட்டமன்றத் தொகுதி வரையறையிலும் இது தெரிகிறது. புதுச்சேரி மாவட்டத்தின் தனித் தொகுதிகளான திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகிய நான்கும் ஊரகப் பகுதிகளிலேயே அமைந்துள்ளன. நிலமில்லா வேளாண் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பகுதி இம்மக்களே என்பதால், வருவாயைப் பற்றிய எந்த ஆய்வும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாழ்வாதாரம்

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படுகிறது. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை அடைகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்து இப்பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999 இல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் சீரமைக்கப்பட்டன. எனினும் பாசனத்தில் ஆழ்துளைக் கிணறுகளின் பங்கே இன்று பெரியது. கொம்யூனின் கிழக்கு ஓரத்தில் பனித்திட்டு, நரம்பை போன்ற மீனவக் கிராமங்கள் உள்ளன. கடலூர் சாலையை ஒட்டிய கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதிகளில் தொழிற்பேட்டையும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் வந்தபின், வயல் வேலையை விட்டு மருத்துவமனைப் பணி, பாதுகாவல், துப்புரவு, சமையல், வாகனம் ஓட்டுதல் போன்ற வேலைகளுக்குச் செல்வோர் பெருகினர்.

வில்லியனூரின் நிலை வேறு. திருக்காமீசுவரர் கோயிலையும் லூர்து மாதா திருத்தலத்தையும் கொண்ட இவ்வூர், விழுப்புரம் சாலையிலும் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப் பாதையிலும் அமைந்த சந்தை ஊராகும். வில்லியனூரின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. கொம்யூனின் வடபகுதியில் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை உள்ளது. நகரத்தில் வீட்டு வாடகையும் மனை விலையும் உயர்ந்ததால், நகரில் வேலை செய்து இங்கே வீடு கட்டிக் குடியேறுவோர் மிகுந்துள்ளனர். முன்பு இப்பகுதியினர் பலருக்கு நிலையான சம்பளம் தந்தவை புதுச்சேரியின் பஞ்சாலைகள். 1898 இல் தொடங்கப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சுப் பஞ்சாலை 2020 இல் மூடப்பட்டது. மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் இருந்த ஆலை வேலையின் இடத்தை, ஒப்பந்த வேலையும் தினக்கூலியும் பெருமளவு நிரப்பியுள்ளன.

வருவாயை அளக்கும் வழிகள்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத்தின் வருவாயைக் கேட்பதில்லை. தொழிலையும், வீட்டின் கூரை, சுவர், குடிநீர், கழிப்பறை, தொலைக்காட்சி, இருசக்கர வாகனம் போன்ற வசதிகளையுமே பதிவு செய்கிறது. வருவாய் நிலை பின்வரும் வழிகளில் மறைமுகமாக மதிப்பிடப்படுகிறது.

முதலாவது, தனிநபர் வருமானம். புதுச்சேரியின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியைவிட உயர்ந்தது. ஆனால் இது அப்பகுதிக்குள் நடைபெறும் உற்பத்தியின் மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துப் பெறப்படும் எண். சேதராப்பட்டில் உள்ள ஓர் ஆலையின் உற்பத்தி, அதன் உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் இக்கணக்கில் சேரும். முன்னாள் பிரெஞ்சு இராணுவத்தினர் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியம் இங்கேயே செலவிடப்பட்டாலும் இதில் சேராது.

இரண்டாவது, சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்பது குடும்பங்களின் மாத வருவாய் தலா 12,000 ரூபாய். பத்தாவது குடும்பத்தின் வருவாய் 1,92,000 ரூபாய். மொத்தம் 3,00,000 ரூபாய் என்பதால் சராசரி 30,000 ரூபாய் ஆகும். வருவாயை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வருவதை எடுத்தால் இடைநிலை வருவாய் 12,000 ரூபாய் மட்டுமே. தெருவின் உண்மை நிலையை இரண்டாவது எண்ணே காட்டுகிறது.

மூன்றாவது, ரேஷன் அட்டை. புதுச்சேரியில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குச் சிவப்பு அட்டையும் மற்றவர்களுக்கு மஞ்சள் அட்டையும் வழங்கப்படுகின்றன. 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை இங்கு தொடங்கியபோதும், 2023 இல் வேறு உதவித்தொகை பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோதும் அட்டையின் நிறம் முக்கியமாக இருந்தது. ஆனால் அட்டை வழங்கப்பட்ட காலத்தின் நிலையையே அது காட்டும். வேலை இழந்த குடும்பம் மஞ்சள் அட்டையுடனும், வசதி பெற்ற குடும்பம் சிவப்பு அட்டையுடனும் தொடர்வது உண்டு.

ஊரக, நகர்ப்புற வறுமை

திட்டக்குழு டெண்டுல்கர் முறையில் 2011–12 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி புதுச்சேரியில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தோர் 9.69 விழுக்காடு. இந்திய அளவில் இது 21.92 விழுக்காடு. புதுச்சேரியின் எண்ணைப் பிரித்துப் பார்த்தால், நகர்ப்புறத்தில் 6.30 விழுக்காடும் ஊரகத்தில் 17.06 விழுக்காடும் இருந்தன. ஊரக வறுமை நகர்ப்புறத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்களில் 68.33 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்ந்ததால், மொத்தச் சராசரி நகரத்தின் பக்கமே சாய்கிறது.

இந்த எண்ணிக்கையை ஒப்பிடும்போது கவனம் தேவை. தமிழ்நாட்டின் ஊரக வறுமை அதே ஆண்டில் 15.83 விழுக்காடு. ஆனால் தமிழ்நாட்டின் ஊரக வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் 880 ரூபாய். புதுச்சேரியின் ஊரகக் கோடு 1,301 ரூபாய். கோடு உயரமாக இருப்பதால் அதற்குக் கீழ் வருவோரும் கூடுகின்றனர். புதுச்சேரியின் நகர்ப்புறக் கோடு 1,309 ரூபாய். ஊரகத்துக்கும் நகரத்துக்கும் இடையே வாழ்க்கைச் செலவில் வேறுபாடு பெரிதாக இல்லை என்பதையே இது குறிக்கிறது. பாகூரில் வாழும் கூலித் தொழிலாளி ஏறக்குறைய நகரத்து விலையில் பொருள் வாங்கி, கிராமத்துக் கூலியில் வாழ்கிறார்.

கல்வி, உடல்நலம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைக் கொண்டு நிதி ஆயோக் கணக்கிடும் பல்பரிமாண வறுமையில், 2019–21 இல் புதுச்சேரி 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. பள்ளி, மின்சாரம், மருத்துவமனை ஆகியவை கிராமங்கள் வரை சென்றுள்ளதை இது காட்டுகிறது. எனினும் பள்ளிப் படிப்பு முடித்தவருக்கு நிலையான வருவாய் கிடைக்கிறதா என்பதை இக்குறியீடு அளப்பதில்லை.

நகரமாதலும் அதன் விளைவுகளும்

5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், முதன்மை ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் உள்ள ஊரைக் கணக்கெடுப்புத் துறை "கணக்கெடுப்பு நகரம்" என வகைப்படுத்துகிறது. இவ்வகைப்பாடு புள்ளிவிவரத்துக்கு மட்டுமே. ஊரின் நிர்வாகம் பஞ்சாயத்திடமே இருக்கும். நகரத்தின் அளவுக்குக் குப்பையும் கழிவுநீரும் சேரும் ஊரைக் கிராமத்தின் பணியாளர்களையும் வரி வருவாயையும் கொண்டு நடத்த வேண்டிய நிலை இதனால் உருவாகிறது.

மறுபுறம், ஊர் நகராட்சியோடு இணைக்கப்பட்டால் ஊரக வேலைத் திட்டங்களுக்கான தகுதி போய்விடும். 2008 ஏப்ரல் முதல் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டம், வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஊரகப் பெண்களுக்குக் கூலி தந்தது. எனவே எல்லைக்கோடு எங்கே வரையப்படுகிறது என்பது குடும்பத்தின் வருவாயையும் நேரடியாகப் பாதிக்கிறது.

உள்ளாட்சியும் தரவும்

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968 இலும், 38 ஆண்டுகளுக்குப் பின் 2006 இலும் நடைபெற்றது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011 இல் முடிந்தபின், கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பில் நடந்து வந்துள்ளன. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதி என்பதால் புதுச்சேரி மத்திய நிதிக்குழுவின் வரம்புக்குள் வருவதில்லை. மாநிலங்களின் பஞ்சாயத்துகளுக்கு மக்கள்தொகை அடிப்படையில் கிடைக்கும் நிதிக்குழு மானியம் இங்குள்ள பஞ்சாயத்துகளுக்குக் கிடைப்பதில்லை.

2021 இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், கிராம அளவில் 2011 ஆம் ஆண்டின் எண்களே நீண்ட காலம் பயன்பட்டன. மனைகளாக மாறிய வயல்களும், மூடப்பட்ட ஆலைகளும், புதிதாகக் குடியேறியோரும் அந்த எண்களில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டுள்ளது. வில்லியனூர், பாகூர்க் கிராமங்களில் எத்தனை பேர் இன்னும் உழவை நம்பியுள்ளனர், எத்தனை ஊர்கள் நகரமாகிவிட்டன என்பதற்கான கிராமவாரியான விடை அக்கணக்கெடுப்பின் வழியே கிடைக்கும்.